மறுமொழி: பயணப்படங்களில் ‘எடிட்டிங்’ – தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். பயணத்தில் எடுத்த புகைப்படத்தை ‘எடிட்’ செய்வதற்குத் தமிழில் என்ன சொல் என்ற கேள்விக்கு, இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: படத்தொகுப்பு, செம்மையாக்கம், திருத்தம். மூன்றும் எனக்கு ஒப்பவில்லை. படத்தொகுப்பு சினிமாக்காரர்களுடைய சொல், துண்டுக்காட்சிகளைக் கோக்கும் வேலை அது. செம்மையாக்கம் என்றால் படம் மேம்பட்டுவிட்டதாக முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். திருத்தம் என்றாலோ, எடுத்த படத்தில் ஏதோ பிழை என்றாகிறது.

எடிட்டிங் என்ற ஒரே பெயரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. அதனால்தான் ஒரு சொல்லுக்குள் அடங்க மாட்டேன் என்கிறது.

முதல் வேலைக்கு நம்மிடம் பழைய சொல் உண்டு. பிலிம் சுருளை ஸ்டுடியோவில் கொடுத்து, “கழுவி பிரிண்ட் போட்டுக் கொடுங்க” என்றுதானே கேட்டோம்? கழுவுவதால் புதிதாக எதுவும் வந்து சேராது. ஒளி ஏற்கெனவே பதித்து வைத்ததுதான் வெளியே வரும். இன்றைய கேமரா, பதிந்த ஒளியைப் பதப்படுத்தாமல் வைத்துத் தரும் ரா (raw) கோப்பும் கழுவாத பிலிம்தான். 14 பிட் ரா கோப்பில் ஒரு புள்ளிக்கு 16,384 ஒளிநிலைகள் உண்டு. நாம் வழக்கமாகப் பார்க்கும் ஜேபெக் (JPEG) படக்கோப்பில் ஒரு நிறத்துக்கு 256தான். எதை வைத்துக்கொண்டு எதை விடுவது என்று யாராவது முடிவு செய்தே ஆக வேண்டும். நாம் செய்யாவிட்டால் கேமராவுக்குள் இருக்கும் நிரல் செய்துவிடுகிறது. ஆகவே, “நான் எடிட்டே செய்வதில்லை” என்பவரின் படமும் கழுவிய படம்தான். குண்டு பல்பு வெளிச்சத்தில் மஞ்சளாக விழுந்த வேட்டியை வெள்ளைக்குக் கொண்டுவருவதும், சாய்ந்த தொடுவானத்தை நிமிர்த்துவதும் இதில் சேரும். இதைப் ‘படக்கழுவல்’ என்று சொல்லலாமா?

இரண்டாவது வேலைக்கு ஓர் எடுத்துக்காட்டு. 1982 பிப்ரவரி நேஷனல் ஜியாகிரபிக் இதழின் அட்டையில் கிசா பிரமிடுகள் வந்தன. அகலவாட்டில் எடுத்த படம் உயரவாட்டு அட்டைக்குள் அடங்குவதற்காக, கணினியில் பிரமிடுகளை நெருக்கி வைத்தார்கள். போட்டோஷாப் வெளிவர இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்த காலம் அது. 4,500 ஆண்டுகளாக நின்ற இடத்தில் நிற்கும் கல்மலையை ஓர் அட்டைக்காக நகர்த்தியதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. படமெடுத்தவர் நின்ற இடத்தில் போய் நிற்பவருக்கு அட்டையில் இருந்த காட்சி கிடைக்காதே! இதற்குச் சுவடி ஆய்வாளர்களின் ‘இடைச்செருகல்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். ஓலையில் கீறிய எழுத்து தெரிவதற்காக மை தடவுவது ஒன்று, புதுப்பாட்டு எழுதி நடுவே நுழைப்பது வேறொன்று.

கருத்துச் சொல்லுங்கள்.

—

ஐயா, வணக்கம்.

பிரிப்பு சரி. ஆனால் ‘கழுவல்’ என் மாணவர்களிடம் நிற்காது. பிலிம் சுருளையே பார்க்காதவர்கள் அவர்கள். ‘துலக்கல்’ என்று வைக்கலாமா? பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கினால் அதன் நிறம்தான் வெளிப்படும். துலங்குதல் என்றால் தெளிவாதல் என்றும் பொருள் உண்டு.

இன்னொன்று, இடைச்செருகல் என்பது சேர்ப்பதை மட்டும்தானே குறிக்கிறது? படத்திலிருந்து ஒன்றை அழித்தால் அதை என்னவென்று சொல்வது?

—

அம்மா, ‘துலக்கல்’ என் சொல்லைவிட நல்ல சொல். கழுவலை விட்டுவிடுகிறேன். துலக்கலுக்கு எதிர்ப்பக்கத்தில் ‘பூச்சு’ என்ற சொல்லும் தானாகவே வந்து நிற்கிறது. வெளிறிய கடலை மயில்கழுத்து நிறத்துக்கு ஏற்றினால் அது துலக்கல் இல்லை, பூச்சு.

அழிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். தனுஷ்கோடியில் 1964 புயலில் இடிந்த தேவாலயத்தை எடுத்துவந்தேன். சுற்றிலும் சங்கு, பாசிமணி விற்கும் கடைகள். கடைகளை எல்லாம் கணினியில் துடைத்தேன். படம் அழகாக, ஆளற்ற பாழூராக வந்தது. அச்சுப்போட்டு வீட்டில் மாட்டினேன். கூட வந்த என் தங்கை பார்த்துவிட்டு, “அண்ணே, அந்தச் சங்குக்கார அம்மா எங்கே?” என்று கேட்டாள். அவரிடம்தான் நாங்கள் தண்ணீர் வாங்கிக் குடித்தோம். அன்றே படத்தைக் கழற்றிவிட்டேன்.

பிறகுதான் இன்னொன்றும் உறைத்தது. துடைத்த இடம் காலியாக நிற்பதில்லை, மென்பொருள் அங்கே மணலை இட்டு நிரப்புகிறது. அந்த அம்மா உட்கார்ந்திருந்த இடத்தில் நான் காட்டியது அங்கே இல்லாத மணல். ஆகவே அழிப்பதும் செருகல்தான். தனிச்சொல் தேவையில்லை என்பது என் எண்ணம்.

கலைச்சொல் பட்டியலுக்கு இப்படி முன்மொழிகிறேன்:

துலக்கல்: கேமரா பதிந்த ஒளியைக் கண் கண்டதற்கு நெருக்கமாக வெளிக்கொணர்தல்.
பூச்சு: அங்கே இல்லாத நிறத்தையோ ஒளியையோ ஏற்றுதல்.
செருகல்: பொருளை, ஆளை, இடத்தைச் சேர்த்தல், நகர்த்தல், துடைத்தல்.

பயணப்படத்துக்குத் துலக்கல் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும். பூச்சோ செருகலோ இருந்தால் படத்தின் அடியில் அந்தச் சொல்லையே போட்டுவிட வேண்டும். ஒரு சொல்லில் முடிகிற வேலை என்பதால்தான் சொற்கள் குட்டையாக இருக்க வேண்டும் என்கிறேன்.

பூச்சுக்கும் துலக்கலுக்கும் எல்லை எங்கே என்பதில் எனக்கு இன்னும் ஓர் இடறல் இருக்கிறது. அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞர் அன்செல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸில் எடுத்த நிலவுப் படத்துக்கு ஒரே நெகட்டிவ்தான். ஆனால் முதலில் போட்ட பிரிண்டுகளில் வானம் வெளிறியும், பிந்தியவற்றில் ஏறக்குறைய கறுப்பாகவும் இருக்கிறது. நான் அதைத் துலக்கலில்தான் சேர்ப்பேன். நீங்கள் எதில் சேர்ப்பீர்கள்?

அன்புடன்.