பத்து பவுண்டுக்குள் ஒயின்: ஊரின் சுவை கிடைக்குமா?

தேம்ஸ்கரையான்:
நாட்டுக்கு ஒன்றாகப் பத்து பவுண்டுக்குள் ஒயின்களை வாங்கிச் சுவைத்து ஊர்களின் வேறுபாட்டை அறியப் போவதாக இளவேனில் எழுதியிருந்தார். எல்லோரும் பட்டியல் கொடுத்து உற்சாகப்படுத்துகிறீர்கள். நான் மறுக்கிறேன். அந்த விலையில் ஊரின் சுவை இருக்காது.

பிரிட்டன் கணக்கையே பாருங்கள். 2023 ஆகஸ்டில் வரிமுறை மாறியபோது 12.5 சதவீத மது அளவுள்ள ஒயின் பாட்டிலுக்குத் தீர்வை 2.67 பவுண்டு. அதன் பிறகு இன்னும் ஏறியிருக்கிறது. ஆறு பவுண்டு பாட்டிலில் மதிப்புக்கூட்டு வரி ஒரு பவுண்டு. இரண்டையும் கழித்தால் மீதி 2.33. அதற்குள் கண்ணாடி, மூடி, லேபிள், கப்பல் கூலி, கடைக்காரர் லாபம் எல்லாம் அடங்க வேண்டும். உள்ளே இருக்கும் ஒயினுக்குச் சில்லறைதான் மிஞ்சும். பன்னிரண்டு பவுண்டு பாட்டிலில் அதே கணக்கில் மீதி 7.33. விலை இரண்டு மடங்கு, மீதி மூன்று மடங்குக்கு மேல்.

சில்லறைக்கு ஒயின் செய்பவர் என்ன செய்வார்? நீர் பாய்ச்சி விளைச்சலைக் கூட்டுவார், இயந்திரத்தால் அறுப்பார், பீப்பாய்க்குப் பதில் தொட்டிக்குள் ஓக் மரச் சில்லுகளைப் போடுவார், குறை தெரியாமல் இருக்கக் கொஞ்சம் இனிப்பை விட்டுவைப்பார். எந்த நாட்டில் செய்தாலும் இதன் சுவை ஒன்றுதான். ஆறு பாட்டில் வாங்கும் காசில் மூன்று வாங்குங்கள் இளவேனில்.

போர்த்தோ கயல்:
வரிக் கணக்கு சரி அண்ணா, அதில் சண்டை இல்லை. ஆனால் விலை உயர்ந்தால்தான் ஊர் வரும் என்கிறீர்களே, அது பிழை. விலையில் உழைப்பு மட்டுமா இருக்கிறது? ஊரின் புகழ், நிலத்தின் விலை, ஃபேஷன் எல்லாம் சேர்ந்துதான் இருக்கிறது. ஃபேஷன் இல்லாத ஊர்களில்தான் நமக்கு வாய்ப்பு.

நான் இருக்கும் போர்ச்சுகலின் வடமேற்கில் மின்யோ பகுதி. அட்லாண்டிக் மழை, கருங்கல் மண், பச்சைப்பசேல் என்ற நிலம். அங்கே திராட்சையில் சர்க்கரை அதிகம் ஏறாது, புளிப்பு நிற்கும். அதனால் அங்கே செய்யும் வின்யோ வெர்தே என்ற ஒயின் பெரும்பாலும் மது அளவு குறைந்து, எலுமிச்சை போன்ற புளிப்போடு வரும். அதிலுள்ள மெல்லிய நுரை இன்று பல பாட்டில்களில் கரியமில வாயு சேர்த்து வருவதுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் புளிப்பு அந்த மழையுடையது. ஓக் சில்லுக்கு அங்கே வேலையே இல்லை.

அடுத்து மஸ்கடே என்ற வெள்ளை ஒயின். பிரான்சில் லுவார் ஆறு கடலை நெருங்கும் இடத்தில் நாந்த் நகரைச் சுற்றி விளைகிறது. மெலோன் து பூர்கோன்யு என்ற திராட்சை, பெரிய மணம் கிடையாது. ஆனால் நொதித்த பின் ஈஸ்ட் மண்டியோடு குளிர்காலம் முழுக்க அப்படியே வைத்துப் பாட்டிலில் அடைப்பார்கள். ‘சூர் லீ’ என்று லேபிளில் இருக்கும். அந்த மண்டிதான் வாயில் ஒரு கனத்தைத் தருகிறது. சிப்பியோடும் மீனோடும் இதற்கு இணை கிடைப்பது கடினம்.

ஸ்பெயினின் ஹெரெஸ் ஊரில் செய்யும் ஃபினோ என்ற ஷெர்ரி ஒயினுக்கு என்ன சொல்வீர்கள்? வெள்ளைச் சுண்ணாம்பு மண்ணில் விளையும் பலோமினோ திராட்சை. பீப்பாயை நிரப்பாமல் இடம் விடுகிறார்கள், மேலே ஈஸ்ட் ஒரு ஆடையாகப் படர்ந்து காற்றிலிருந்து ஒயினைக் காக்கிறது. சட்டப்படி குறைந்தது இரண்டு ஆண்டு அந்த ஆடைக்கு அடியில் இருக்க வேண்டும். பழையதோடு புதியதைக் கலந்து கலந்து வருடக் கணக்கில் ஓட்டுகிறார்கள். இவ்வளவு வேலை செய்தும் அது பத்து பவுண்டுக்குள் கிடைக்கிறது, ஏனென்றால் வாங்க ஆள் குறைவு. உலகில் வேறெங்கும் எளிதில் செய்ய முடியாத சுவை அது. வஞ்சிரம் வறுவலோடு நன்றாகக் குளிர்வித்துக் குடித்துப் பாருங்கள், பிறகு ஊர் இல்லை என்று சொல்லுங்கள்.

சான்று கேட்பவன்:
இரண்டு பேரும் ஊர், மண் என்கிறீர்கள். சோதனைகள் வேறு மாதிரி சொல்கின்றன. 2008இல் வெளியான ஓர் ஆய்வில் லேபிள் மறைத்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சுவைப்புகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பயிற்சி இல்லாதவர்களுக்கு விலை உயர்ந்த ஒயின் சிறிதளவு குறைவாகவே பிடித்திருந்தது. அதே ஆண்டு கலிபோர்னியாவில் ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 என்று கேட்டபோது அதிகம் பிடித்தது என்றார்கள், மூளையின் இன்பப் பகுதியும் அப்படியே வேலை செய்தது. சுவையில் பாதி நம் தலைக்குள்தான் இருக்கிறது. பிடித்ததைக் குடியுங்கள், புவியியல் எதற்கு?

தேம்ஸ்கரையான்:
அந்த ஆய்வுகள் கேட்ட கேள்வி ‘எது பிடித்தது’ என்பது. இங்கே பேச்சு ‘ஊர் தெரிகிறதா’ என்பது. ஒரு ராகம் பிடிக்காமலும் அதை அடையாளம் காண முடியும்.

போர்த்தோ கயல்:
இதில் அண்ணாவோடு நிற்கிறேன். 90 டாலர் சோதனை விலைச்சீட்டின் பலத்தைக் காட்டுகிறது. அப்படியென்றால் விலைச்சீட்டை மறைத்துவிட்டுக் குடிப்பதுதானே வழி? துணியைச் சுற்றி ஊற்றச் சொல்லுங்கள். ஃபினோவையும் மஸ்கடேயையும் எவரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

நந்திமலை:
பெங்களூரிலிருந்து ஒரு வார்த்தை. இந்தியாவில் இறக்குமதி ஒயினுக்குச் சுங்கம் நெடுங்காலமாகப் பெரும்பாலும் 150 சதவீதம், அதற்கு மேல் மாநில வரி. ஆகவே எங்களுக்கு ‘மலிவான பிரெஞ்சு’ என்ற பேச்சே இல்லை. எங்களுக்குக் கட்டுப்படியாவது நாசிக்கும் நந்தி மலைப் பக்கமும்தான். ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் அறுவடை என்றால் நாசிக்கில் மழை முடிந்து கவாத்து செய்து, பிப்ரவரி மார்ச்சில் அறுக்கிறார்கள். அந்த வெயிலின் பழுத்த மணம் இங்குள்ள ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சை ஒயினில் தெரிகிறது. எனக்குப் பெரிய பிரச்சினை கடைகள். ஏசி இல்லாத அலமாரியில் கோடை முழுக்க வெந்த பாட்டிலை வாங்கி நொந்திருக்கிறேன். ஊரைத் தேடும் முன் பாட்டில் எங்கே நின்றது என்று பாருங்கள். சிவப்பு ஒயினையும் குடிக்கும் முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள், நம் ஊர் அறை வெப்பம் அதற்கு ஆகாது.

தேம்ஸ்கரையான்:
கயல், நீங்கள் சொன்ன மூன்றும் வெள்ளை. புளிப்பும் மண்டியும் ஈஸ்டும் வேலை செய்யும் இடங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். சிவப்புக்கு வாருங்கள். நல்ல துவர்ப்புக்குப் பழுத்த தோல் வேண்டும், காலம் வேண்டும், பல ஊர்களில் பீப்பாயும் வேண்டும். ஸ்பெயினின் ரியோஹா பகுதிச் சிவப்பில் ‘கிரியான்சா’ என்று லேபிள் இருந்தால் இரண்டு ஆண்டு முதிர்ச்சி, அதில் ஓராண்டாவது பீப்பாயில். ஏழு பவுண்டுக்கு அதைத் தருபவர் பழைய மரத்தில் மெலிந்த ஒயினைத்தான் வைத்திருப்பார். சட்டம் காலத்தை அளக்கும், பழத்தை அளக்காது.

போர்த்தோ கயல்:
அதனால்தான் அந்த விலையில் ரியோஹாவை வாங்கச் சொல்லவில்லை. பீப்பாய் தேவைப்படாத சிவப்பை வாங்குங்கள். ஸ்பெயினில் கலாத்தாயூத், காம்போ தே போர்ஹா. உயரமான வறண்ட நிலம், பகல் வெயில், இரவில் குளிர். பந்தல் இல்லாமல் புதராக நிற்கும் பழைய கார்னாச்சா திராட்சைக் கொடிகள். ஏன் மலிவு? நிலம் மலிவு, கொடியைத் தாத்தா நட்டுவிட்டார், விவசாயிகள் பலர் சேர்ந்து ஒரு கூட்டுறவு நிலவறையில் ஒயின் செய்கிறார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது?

இளவேனிலுக்கு ஒரு யோசனை: இந்தக் கார்னாச்சா ஒன்று, பிரான்சின் கோத் து ரோன் ஒன்று. இரண்டாவதில் அதே திராட்சைதான் பெரும்பாலும் முதன்மை, கூட சிரா போன்ற வேறு திராட்சைகளும் கலந்திருக்கும். அடுத்தடுத்து ஊற்றிப் பாருங்கள். பல நாட்டைத் தாவுவதைவிட ஒரே திராட்சையை இரண்டு ஊரில் பிடிப்பது அதிகம் கற்றுத்தரும்.

தேம்ஸ்கரையான்:
கூட்டுறவை மதிக்கிறேன். ஆனால் “தாத்தா நட்டுவிட்டார்” என்பதில்தான் என் மனம் உறுத்துகிறது. பேரன் நடுவானா? பழைய கொடி காய்ப்பது குறைவு. கிலோவுக்குக் கிடைக்கும் விலையும் குறைவென்றால் அதைப் பிடுங்கிவிடுவார்கள். 2008க்குப் பிறகு மூன்று ஆண்டுகள் ஐரோப்பிய ஒன்றியமே கொடி பிடுங்க மானியம் கொடுத்தது. நாம் மலிவு என்று கொண்டாடும் பாட்டில் விலையின் மீதியை அந்த விவசாயி கட்டிக்கொண்டிருக்கிறார்.

போர்த்தோ கயல்:
இந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் நாமும் வாங்காமல் விட்டால் இன்னும் சீக்கிரம் பிடுங்குவார்கள். தென்னாப்பிரிக்காவில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள்: 35 ஆண்டோ அதற்கு மேலோ ஆன கொடிகளுக்குத் தனி முத்திரை, கொடி நட்ட ஆண்டையும் பாட்டிலில் போடுகிறார்கள். ஸ்வார்ட்லாண்ட் பக்கத்துப் பழைய ஷெனின் பிளாங்க் தோட்டங்கள் பல அப்படி நிற்கின்றன. சாதாரண ஷெனினைவிட விலை கூடுதல்தான், பிரான்சின் போர்தோ பகுதியின் பெயர் பெற்ற ஒயின் பண்ணைகளோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

தேம்ஸ்கரையான்:
அந்தக் கூடுதலைத்தான் முதல் பதிவிலிருந்து கேட்கிறேன். பத்து பவுண்டு என்ற கோட்டை அழித்துவிடுங்கள்.

போர்த்தோ கயல்:
அழிக்க மாட்டேன். மாதச் சம்பளத்தில் வாடகை கட்டும் ஒருவருக்கு அந்தக் கோடு உண்மை. அவருக்கும் மஸ்கடே இருக்கிறது.

இளவேனில்:
எனக்காக இவ்வளவு எழுதியதற்கு நன்றி. சனிக்கிழமைக்கு ஃபினோ அரை பாட்டில் ஒன்று, கலாத்தாயூத் ஒன்று, கோத் து ரோன் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். மூன்றும் சேர்த்து அண்ணா சொன்ன கணக்குக்குள்தான் வந்தது. அக்கா, ஃபினோவைத் திறந்தால் எத்தனை நாள் தாங்கும்?

போர்த்தோ கயல்:
ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். அதன் பிறகு அந்த ஈஸ்ட் மணம் போய்விடும்.