ஜாயின்ட் லையபிலிட்டி: 'கூட்டுப் பொறுப்பு' போதுமா?

வணக்கம் நண்பர்களே,

நம் சிறுதொழில் கடன் கலைச்சொற்பட்டியலில் ஜாயின்ட் லையபிலிட்டிக்கு, அதாவது குழுவில் ஒருவர் கடனைக் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டும் ஏற்பாட்டுக்கு, 'கூட்டுப் பொறுப்பு' என்று இருக்கிறது. கூட்டுறவு வங்கிகளும் 'கூட்டுப் பொறுப்புக் குழு' என்றே எழுதுகின்றன. ஆனாலும் எனக்கு உறுத்துகிறது. அமைச்சரவையின் கூட்டுப் பொறுப்பு என்று அரசியல் பாடத்தில் அந்தச் சொல் எப்போதோ குடியேறிவிட்டது. தவிர, பொறுப்பு என்றால் பார்த்துக்கொள்வது. கைக்காசு போகும் என்ற பயம் அதில் இல்லை.

நடப்பதைப் பாருங்கள். கடன் குழுவின் வாரக்கூட்டம். தையல் மெஷின் வாங்க ஒருத்தி, இட்லிக்கடைக்கு ஒருத்தி என்று ஆளுக்கொரு தனிக்கடன். இட்லிக்கடைக்காரர் அந்த வாரம் டியூ கொண்டுவரவில்லை. வசூலுக்கு வந்தவர் நோட்டை மூடாமல் உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் மற்ற பெண்கள் சுருக்குப்பையை அவிழ்த்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கணக்கை நேர் செய்தால்தான் கூட்டம் கலையும். அடகு வைக்க நகையோ பத்திரமோ இல்லாதவர்களிடம் ஈட்டுக்குப் பதிலாகப் பெறுவது இதைத்தான். ஒருவருக்கொருவர் ஜாமீன்.

ஆகவே 'கூட்டுப்பிணை' என்று முன்மொழிகிறேன். கூட்டுப்பிணைக் கடன், கூட்டுப்பிணைக் குழு என்று தடங்கலின்றி நீளும். கடனுக்கு அடகாக வைக்கும் சொத்துக்கு, அதாவது கொலாட்டரலுக்கு, 'ஈடு' என்பதே இருக்கட்டும். அங்கே 'பிணையம்' வந்தால் இரண்டும் குழம்பும்.

'குழுக்கடன்' போதுமே, மக்கள் அப்படித்தானே சொல்கிறார்கள் என்று முன்மடலில் ஒருவர் கேட்டிருந்தார். பேச்சுக்குச் சரி, கலைச்சொல்லுக்கு ஆகாது. பிலிப்பைன்ஸில் 2004இல் ஷாவியே ஜினே, டீன் கார்லன் என்ற இரு பொருளியலாளர்கள் கிரீன் பேங்க் என்ற வங்கியோடு சேர்ந்து ஒரு சோதனை தொடங்கினார்கள். அந்த வங்கியின் கடன் குழுக்கள் கூடும் மையங்களில் பாதியைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, அவற்றில் ஒருவர் கடனுக்கு மற்றவர் கட்டும் விதியை எடுத்துவிட்டார்கள். வாரக்கூட்டம் மட்டும் முன்போலவே நடந்தது. மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால், கடன் திரும்புவதில் குறைவில்லை! அதாவது குழு வேறு, பிணை வேறு. பிணையை எடுத்த பிறகும் குழு இருக்கிறது. இரண்டையும் 'குழுக்கடன்' என்றே சொன்னால் இந்த ஆய்வை ஒரு வரியில்கூடத் தமிழில் எழுத முடியாது. பிணையில்லாத வகையைக் 'குழுவழிக் கடன்' எனலாம்.

பிணை என்றதும் கோர்ட்டு நினைவு வரும் என்பீர்கள். வரட்டுமே. 'அவன் லோனுக்கு நான்தான் ஜாமீன் போட்டேன்' என்று ஊரில் சொல்வதும் அதே ஜாமீன்தான். சட்டம் படித்தவர்கள் வேறொன்று கேட்கலாம்: 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் கூட்டாக வாக்குறுதி கொடுத்தவர்கள் வேறு, பிணையாளர் வேறு. உண்மை. ஒரே கடனை ஐந்து பேர் சேர்ந்து வாங்கினால் என் சொல் பொருந்தாது; அதற்குக் 'கூட்டுக்கடன்' இருக்கிறது. இங்கே கடன் தனித்தனி, ஜாமீன்தான் பொது.

கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தவர்கள் யாராவது கொஞ்சம் சொல்லுங்கள்: உறுப்பினரிடம் விண்ணப்பத்தை விளக்கும்போது வாயில் என்ன சொல் வரும்? அதைப் பார்த்துவிட்டுப் பட்டியலைத் திருத்தலாம்.