பருத்திக்குச் சொட்டுநீரில் உரம் விடுகிறேன். குழாயின் கடைசியில் செடிகள் மஞ்சளாவது ஏன்?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
வணக்கம். கரிசல் நிலத்தில் பருத்தி வைத்து, ஆழ்துளைக் கிணற்று நீரோடு வென்ச்சுரி (உரக் கரைசலைக் குழாய்க்குள் உறிஞ்சும் கருவி) வழியாக உரம் விடுகிறேன். இப்பக்கம் பருத்தி போடுவோர் குறைந்துவிட்டதால் கேட்க ஆளில்லை. காய் பிடிக்கும் பருவத்தில் 12:61:0 உரத்தையும் (பாஸ்பேட் மிகுந்தது) கால்சியம் நைட்ரேட்டையும் ஒரே வாளியில் கரைத்து விட்டு வருகிறேன். செடி வரிசையோரம் ஓடும் லேட்டரல் குழாய்களின் கடைசியில் உள்ள செடிகளில் அடியிலைகள் மஞ்சளாகின்றன. அங்குள்ள டிரிப்பர்களில் (நீர் சொட்டும் வாய்களில்) வெள்ளைப் படிவும் இருக்கிறது. யூரியாவைக் கூட்டலாமா?

பதில் (எருத்தேன்பதி):
வேண்டாம், ஐயா. டிரிப்பர் அடைத்திருந்தால், கூட்டிய யூரியா நன்றாக இருக்கும் முன்பகுதிச் செடிகளுக்கே போய்ச் சேரும். பருத்தியில் தழைச்சத்து மிஞ்சினால் இலை கொழுத்துச் சாறுறிஞ்சும் பூச்சிகள் பெருகுவதோடு காய் வெடிப்பதும் தள்ளிப்போகும். கால்சியமும் பாஸ்பேட்டும் ஒன்றாகக் கரைந்தால் கரையாத சுண்ணாம்புப் பாஸ்பேட்டாகப் படியும். அதே அளவில் இரண்டையும் உங்கள் கிணற்று நீரில் ஒரு பாட்டிலில் கலந்து வையுங்கள். டிரிப்பர் படிவின் மீது ஒரு துளி அமிலம் விட்டும் பாருங்கள்.

கேட்டவர்:
பாட்டில் நீர் பால்போல் வெளுத்தது. படிவு நுரைத்துப் பொங்கியது.

பதில் (எருத்தேன்பதி):
அப்படியானால் காரணம் இரண்டு. பாட்டிலில் வெளுத்தது உரங்கள் சேர்ந்து உண்டான சுண்ணாம்புப் பாஸ்பேட். படிவில் பொங்கியது கிணற்று நீரின் கார்பனேட் உப்பு. அது கரைந்த நிலையில் வருவதால் எந்த வடிகட்டியும் அதைத் தடுக்காது. முதலில் குழாய்க் கடைசி முனைகளைத் திறந்து கழுவுங்கள். பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றி (அமிலத்தில் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது), கையுறையும் கண்ணாடியும் அணிந்து, கடைசி டிரிப்பரில் வரும் நீரின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 4 ஆகும்வரை செலுத்தி, 24 மணி நேரம் நிறுத்தி வைத்து, மீண்டும் முனைகளைத் திறந்துவிடுங்கள்.

பதில் (வேலந்தாவளம்):
அண்ணன் சொன்னதோடு ஒன்று: வென்ச்சுரி திரை வடிகட்டிக்குப் பின்னால் இருந்தால் முன்னால் மாற்றுங்கள். மணிச்சத்தின் (பாஸ்பேட்டின்) பெரும்பகுதியை அடியுரமாகச் சூப்பர் பாஸ்பேட்டில் கொடுத்துவிட்டால் குழாயில் விட வேண்டியது குறையும். கால்சியம் நைட்ரேட்டைத் தனி நாளில் விடுங்கள். மெக்னீசியம் சல்பேட்டும் அதனுடன் சேரக் கூடாது, ஜிப்சமாகப் படியும். ஒவ்வொரு முறையும் வெறுந்தண்ணீரில் தொடங்கி வெறுந்தண்ணீரில் முடியுங்கள். கழுவிய பின் முதல் டிரிப்பரிலும் கடைசி டிரிப்பரிலும் ஒரே நேர அளவில் நீர் பிடித்துப் பாருங்கள். கடைசியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் அமிலச் சிகிச்சையை இன்னொரு முறை செய்துவிட்டு, அதன்பிறகே யூரியாவைப் பற்றி யோசியுங்கள்.