தாட்பூட் விதை எண்ணெய்: செக்கா, கார்பன் டை ஆக்சைடா?

பண்ணைக்காட்டான்:
எங்கள் ஊரில் பழ ஸ்குவாஷ் பானம் தயாரிக்கும் இடத்துக்குப் பின்னால் தாட்பூட் (பேஷன் ஃப்ரூட்) பழ விதை குவியலாகப் புளித்துக் கிடக்கிறது, பழ ஈ மொய்க்கிறது. உலர்ந்த விதையில் கால் பங்கு போல எண்ணெய் இருக்கிறது. அதில் பெரும்பகுதி லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம், முகத்துக்குப் பூசும் கிரீமுக்கு ஆகும். எண்ணெயைக் கரைத்தெடுக்கும் ஹெக்சேன் என்ற கரைப்பான் வேண்டாம், செக்கில் ஆட்டினால் போதும்.

கோத்தகிரிக்காரி:
இங்கே தைல (யூகலிப்டஸ்) இலை காய்ச்சும் கொப்பரையில் விதையைப் போட்டு வடிக்க முடியாதா?

வேதி வாத்தியார்:
முடியாதுங்க. தைலம் நீராவியோடு ஏறும், விதை எண்ணெய் ஏறாது. விதை வெந்து போவதுதான் மிச்சம். அப்புறம் செக்கு. ஆட்டிய பிண்ணாக்கை ஒரு தாளில் வைத்துப் பாருங்கள், கறை பரவும். அது அத்தனையும் நீங்கள் விட்டுவிட்ட எண்ணெய். ஹெக்சேன் அதையும் கறந்துவிடும், ஆனால் பெட்ரோலியத்தில் வருவது, சட்டென்று தீப்பிடிக்கும், நரம்பைக் கெடுக்கும். அதற்குப் பதில் கார்பன் டை ஆக்சைடை 31 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றழுத்தத்தைப் போல 73 மடங்குக்கு மேல் அழுத்தினால் வாயுவும் இல்லாமல் திரவமும் இல்லாமல் நிற்கும். விதை எண்ணெய்க்கு 300 மடங்கு வரை அழுத்துவார்கள், எண்ணெய் அதில் நன்றாகக் கரையும். அழுத்தத்தைத் தளர்த்தினால் வாயு போய்விடும், எண்ணெய் மட்டும் தங்கும்.

பண்ணைக்காட்டான்:
300 மடங்கு தாங்கும் எஃகுக் கலனை இங்கே யார் வாங்குவது சார்? காற்று அடித்தாலே கரண்ட் போகும் ஊர். பிண்ணாக்கு மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து மண்ணுக்கு உரமாகட்டும்.

கோத்தகிரிக்காரி:
இருவரும் ஈரத்தை மறந்துவிட்டீர்கள். போன ஐப்பசியில் ஒரு படி விதையை மாடியில் பரப்பினேன். விதையைச் சுற்றிய சவ்வு வழவழவென்று விரலில் ஒட்டியது, மூன்றாம் நாள் வெள்ளைப் பூஞ்சை. நீங்கள் சொல்லும் இரண்டு முறைக்கும் காய்ந்த விதைதான் வேண்டும். சோலை விறகை எரித்துக் காயவைத்துவிட்டு, அதைப் பசுமை முறை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வேதி வாத்தியார்:
நியாயமான பேச்சு. ஈர விதையை அரைத்து, செல் சுவரைக் கரைக்கும் நொதி (என்சைம்) சேர்த்து வெந்நீரில் வைக்கும் முறை ஒன்று உண்டு. ஆனால் எண்ணெய் பால் போலக் கலந்து நிற்கும், பிரிப்பது பெரும்பாடு.

பண்ணைக்காட்டான்:
அந்தக் கழிவுநீரை எங்கே விடுவது, ஓடையிலா? தினமும் காய்கறி லாரி மலையடிவாரத்து வத்தலக்குண்டுக்கு இறங்குகிறது. அதிலேயே விதையை அனுப்பி, கீழே வெயிலில் காயவைத்து அங்கேயே ஆட்டுவோம்.

வேதி வாத்தியார்:
சரி, ஆனால் கழுவி, ஒரு ராத்திரி நீரை வடித்துவிட்டு ஏற்றுங்கள். இல்லாவிட்டால் தண்ணீருக்கு டீசல் போடுகிறீர்கள். பிண்ணாக்கைக் கொட்டாமல் எடுத்து வையுங்கள். அதில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி பேசுவோம்.