ரசீது கொடுத்து வாங்கிய சுவடி யாருக்குச் சொந்தம்?

ஏட்டுப்பூச்சி:
கோடெக்ஸ் சினைட்டிகஸ் 4ஆம் நூற்றாண்டில் தோலில் எழுதிய கிரேக்க பைபிள். எகிப்தின் சினாயில் உள்ள புனித கேத்தரின் மடத்தில் இருந்தது. இன்று 347 தாள்கள் லண்டனின் பிரிட்டிஷ் நூலகத்தில், 43 ஜெர்மனியின் லைப்சிக்கில், சில துண்டுகள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். மடத்திடம் 12 தாள்களும் கொஞ்சம் துணுக்குகளும்தான். அவையும் 1975இல் தற்செயலாக அகப்பட்டவை.

1859இல் டிஷன்டார்ஃப் என்ற ஜெர்மன் அறிஞர் இதை ரஷ்யாவுக்கு இரவல் வாங்கிப் போகும்போது, கேட்டதும் பழுதில்லாமல் திருப்பித் தருவதாகக் கைப்பட எழுதிக் கொடுத்தார். ரசீது இருக்கிறது, சுவடி வரவில்லை. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

கறார்:
பாதிக் கதையைச் சொல்லிவிட்டு முடித்துவிட்டீர்கள். 1869இல் பேராயரும் துறவிகளும் ரஷ்யப் பேரரசருக்கு அதைத் தானமாக எழுதிக் கொடுத்தார்கள். மடத்துக்கு 9,000 ரூபிள் போனது. 1933இல் சோவியத் அரசு அதை பிரிட்டனுக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு விற்றது. பணத்தில் ஒரு பங்கு பொதுமக்கள் கொடுத்த நன்கொடை. காசு கொடுத்து வாங்கியதைத் திருட்டு என்பீர்களா?

ஏட்டுப்பூச்சி:
பொருள் பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர்ந்து பல வருஷம் கழித்து வந்த தானப் பத்திரம் அது. மடம் தன் பேராயர் பதவிச் சிக்கலில் ரஷ்யாவின் தயவை நாடியிருந்த நேரம் வேறு. கையெழுத்து இருக்கிறது, சரி. மனசு இருந்ததா?

கறார்:
மனசை எந்த நீதிமன்றத்தில் அளப்பது? இன்னொன்று. சுவடி 4ஆம் நூற்றாண்டு, மடம் 6ஆம் நூற்றாண்டு. மடத்துக்கும் அது எங்கிருந்தோ வந்ததுதானே!

ஏட்டுப்பூச்சி:
நல்ல பாயின்ட், ஆனால் அது உங்கள் காலையே வாருகிறது. எழுதியவனுக்கு மட்டுமே சொந்தம் என்றால் லண்டனுக்கு மடத்தைவிடவும் உரிமை குறைவு.

புதுவரவு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அதான் 2009லேயே நான்கு இடத்துப் பக்கங்களையும் சேர்த்து இணையத்தில் போட்டுவிட்டார்களே? நான் பார்த்தேன். பக்கத்துக்கு நாலு பத்தி, சொல்லுக்குச் சொல் இடைவெளியே இல்லை, பின்னால் வந்தவர்கள் போட்ட திருத்தங்கள் பக்கத்துக்குப் பக்கம். பெரிதாக்கினால் தோலின் சுருக்கம்கூடத் தெரிகிறது. அப்புறம் அசல் எங்கிருந்தால் என்ன?

ஏட்டுப்பூச்சி:
அப்படியானால் ஸ்கேனை லண்டன் வைத்துக்கொண்டு தோலை மடத்துக்கு அனுப்பட்டும். அங்கே அது வெறும் ஆய்வுப்பொருள் இல்லை, வேதம்.

கறார்:
சிரித்துவிட்டேன். ஆனால் ஒன்றைக் கொடுத்தால் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். கலைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோவின் 1970 ஒப்பந்தமே முந்தைய காலத்துக்குப் பொருந்தாது. சட்டம் இடம் கொடுக்காத இடத்தில் நூலகம் என்ன செய்யும்?

ஏட்டுப்பூச்சி:
தன்னிடம் இருந்த ஐஸ்லாந்துச் சுவடிகளைத் திருப்பித் தர டென்மார்க் சட்டமே போட்டது. உள்நாட்டில் எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். 1971இல் முதல் சுவடிகள் கப்பலில் ஐஸ்லாந்து போய் இறங்கின. டென்மார்க்கின் நூலகங்கள் ஒன்றும் காலியாகிவிடவில்லை.

எத்தியோப்பியாவின் மக்தலா இன்னும் மோசம். 1868இல் பிரிட்டிஷ் படை கோட்டையைப் பிடித்துச் சூறையாடியது. அங்கிருந்து வந்த நூற்றுக்கணக்கான சுவடிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அதற்கு ரசீதும் கிடையாது, தானப் பத்திரமும் கிடையாது. அதையும் காசு கொடுத்து வாங்கினார்களா?

கறார்:
மக்தலாவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது கொள்ளை, விடுங்கள். சினைட்டிகஸுக்கு அமெரிக்காவின் கெட்டி (Getty) அருங்காட்சியகம் செய்தது போல ஒன்று போதும் என்கிறேன். 1256ஆம் வருஷத்து ஆர்மீனிய நற்செய்திச் சுவடியிலிருந்து பிரிந்த எட்டுத் தாள்கள் அவர்களிடம் இருந்தன. ஆர்மீனியத் திருச்சபை வழக்குப் போட்டது. 2015இல் சமரசம்: தாள்கள் திருச்சபைக்கே சொந்தம் என்று அருங்காட்சியகம் ஒப்புக்கொண்டது, திருச்சபை அவற்றை அதே அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தது.

ஏட்டுப்பூச்சி:
அதாவது பட்டா ஒரு நிமிஷம் கைமாறி, பொருள் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனாலும் "உங்களுடையதுதான்" என்று வாய்விட்டுச் சொன்னார்களே, அது பெரிசு. லண்டன் அதையாவது சொல்லட்டும்.

புதுவரவு:
ஒன்று கேட்கலாமா? சுவடி ஒரே இடத்தில் சேர வேண்டும் என்றால், மடம் அந்த 12 தாளை லண்டனுக்குக் கொடுத்தாலும் ஆகுமே?

ஏட்டுப்பூச்சி:
தாராளமாகப் போய்க் கேளுங்கள். ரசீது எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.