நாலாம் மாசம் தாண்டி குட்டி வீசும் ஆடுகள்: புருசெல்லா பாசிட்டிவ் வந்தால் அடுத்து என்ன?

கரிசல்பட்டி (கேள்வி)

மொத்தம் 42 வெள்ளாடு. கன்னி ஆடும் தலைச்சேரிக் கலப்பும். கிடா 3. பகல்ல மேய்ச்சல், ராத்திரி கொட்டகை.

ஆவணியில சந்தையில 6 சினை ஆடு வாங்கி நேரா பட்டியில சேர்த்தது. அதுல ஒண்ணு புரட்டாசியில குறைக்குட்டி போட்டுச்சு. மார்கழி பிறந்ததுல இருந்து இதுவரைக்கும் வேற 7 ஆடு குட்டி வீசியிருக்கு, அதாவது சினை கலைஞ்சிருக்கு. எல்லாமே நாலு மாசம் தாண்டின சினை. 5 தலையீத்து. ரெண்டுக்கு மறுநாள் வரைக்கும் கொடி விழல. கழிச்சல், மூக்கொழுகல், காய்ச்சல் எதுவும் இல்ல. தீனி நல்லா எடுக்குது.

10 ஆட்டுக்கு ரத்தம் எடுத்து, சினையைக் கலைக்கிற புருசெல்லா கிருமிக்கான ரோஸ் பெங்கால் டெஸ்ட் பார்த்ததுல 3 பாசிட்டிவ். டெட்ராசைக்ளின் ஊசி மூணு தடவை போட்டா சரியாகிடும்னு பக்கத்துல சொல்றாங்க. போடலாமா? பாசிட்டிவ் ஆடுகளை என்ன செய்யறது? மீதி 32-க்கும் டெஸ்ட் அவசியமா?

மேய்ச்சல்_மருத்துவர்

முதலில் ஊசி விஷயம். போடாதீர்கள். ஆட்டுக்கு வரும் புருசெல்லா மெலிடென்சிஸ் வெள்ளை ரத்த அணுவுக்குள்ளேயே குடியிருக்கும் கிருமி. டெட்ராசைக்ளின் போட்டால் கொஞ்ச நாளைக்குக் கிருமி வெளியேறுவது குறையும். மருந்து நின்றதும் நிணநீர்க் கட்டியிலும் மடியிலும் பதுங்கியிருந்தது மறுபடி கிளம்பும். ஆடு குணமானது போலத் தெரியும், பாலில் கிருமி வந்துகொண்டே இருக்கும். மூன்று ஊசிக்குச் செலவழித்து நோயை மறைத்து வைப்பதுதான் மிச்சம்.

நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. புரட்டாசியில் வீசிய ஆட்டின் கொடியும் குட்டியும் எங்கே போயின? ஒரு கொடியில் இருக்கும் கிருமியே ஒரு மந்தைக்குப் போதும். மற்ற ஆடுகள் அதை மோந்து பார்க்கும், நக்கும், அது சொட்டின புல்லைத் தின்னும். அப்போது சினை பிடித்தவையும் இளஞ்சினையாக இருந்தவையும் மார்கழி, தையில் வீசியிருக்கின்றன. தலையீத்து ஆடுகளில் அதிகம் என்பதும் இதோடு ஒத்துப்போகிறது. நோய் புதிதாக நுழைந்த பட்டியில் எதிர்ப்பு யாருக்கும் இருக்காது.

ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான ஆடுகள் ஒரே ஒரு தடவைதான் வீசும். அடுத்த ஈற்றில் முழுக்குட்டி போடும். அதைப் பார்த்துவிட்டு 'நோய் போயிடுச்சு' என்று நினைப்பதுதான் இந்த நோயில் நடக்கும் பெரிய ஏமாற்றம். அந்த நல்ல ஈற்றிலும் கொடியில், பனிக்குட நீரில் கிருமி வரும். வெள்ளாட்டில் ஈன்ற பிறகு வரும் கசிவில் இரண்டு மூன்று மாதம் வரை இருக்கலாம். செம்மறியில் பொதுவாக அதைவிடச் சீக்கிரம் நின்றுவிடும்.

பாசிட்டிவ் 3 ஆட்டையும், புரட்டாசியில் வீசியதையும் சேர்த்து குட்டி வீசிய 8 ஆட்டையும் (டெஸ்ட் நெகட்டிவாக இருந்தாலும்) இன்றே தனிக் கொட்டகைக்கு மாற்றுங்கள். தனித் தொட்டி, தனி ஆள். ஒரே ஆள்தான் என்றால் நல்ல ஆடுகளின் வேலையை முதலில் முடித்துவிட்டு இந்தப் பக்கம் வரட்டும். கிடாக்களுக்கும் டெஸ்ட் வேண்டும். விதையைத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வீங்கியோ கல்லாகவோ இருந்தால் அந்தக் கிடாவை விடக்கூடாது, இரவலும் தரக்கூடாது.

சீரம்_மேசை

மீதி 32-க்கும் அவசியம். 6 மாதத்துக்கு மேற்பட்ட ஒவ்வொன்றுக்கும். குட்டிகளுக்கு இப்போது எடுத்தால் சீம்பாலில் வந்த எதிர்ப்புப் பொருளே பாசிட்டிவ் காட்டிவிடும்.

டெஸ்ட் எப்படிச் செய்தார்கள் என்று ஆய்வகத்தில் கேளுங்கள். மாட்டுக்குச் சீரமும் (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிநீர்) ஆன்டிஜெனும் (சாயம் ஏற்றிய கிருமிக் கரைசல்) சம அளவு, 30 மைக்ரோ லிட்டருக்கு 30. ஆட்டுக்கு அப்படிப் போட்டால் லேசான பாசிட்டிவ் தப்பிவிடும். 75 மைக்ரோ லிட்டர் சீரத்துக்கு 25 ஆன்டிஜென்தான் ஆட்டுக்கான கணக்கு. இரண்டும் அறை வெப்பநிலைக்கு வந்திருக்க வேண்டும், ஆன்டிஜென் குப்பியை நன்றாகக் குலுக்க வேண்டும். வெள்ளை ஓட்டில் கலந்து 4 நிமிடம் ஆட்டி, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஓரத்தில் ரோஸ் நிறத்தில் மணல் போலத் திரண்டாலும் பாசிட்டிவ்தான். இரண்டு நிமிடத்தில் 'ஒண்ணும் இல்ல' என்று ஓட்டைக் கழுவுவதில்தான் பாதி நோய் தப்புகிறது.

ரத்தம் 5 மில்லி, சிவப்பு மூடி குழாயில். சாய்த்து வைத்து உறைய விடுங்கள். சீரம் பிரியும் முன் பனிக்கட்டியில் நேரடியாகப் படக்கூடாது, ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. ரத்த அணு உடைந்து சீரம் சிவந்துபோனால் படிக்க முடியாது. குழாயில் காது வில்லை எண்ணை எழுதுங்கள். 'கருப்பி', 'கொம்பு ஒடிஞ்சது' என்று எழுதி வரும் குழாய்களை வைத்துக்கொண்டு மறுபடி அந்த ஆட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

ரோஸ் பெங்கால் சலித்தெடுக்கத்தான். வேறு சில கிருமிகளுக்கும், குறிப்பாக யெர்சினியா ஓ-9க்கும், பாசிட்டிவ் காட்டும். எலைசா என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்யச் சொல்லுங்கள். இன்னொன்று: குட்டி வீசியதும் எடுத்த ரத்தம் சில நேரம் நெகட்டிவ் வரும். இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும்.

அடுத்து ஒரு ஆடு வீசினால் குட்டியை முழுசாக, கொடியின் பொட்டுள்ள பகுதியோடு, இரண்டு பாலிதீன் பையில் போட்டு ஐஸ் பெட்டியில் அன்றே மாவட்ட கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்குக் கொடுங்கள். குட்டியின் வயிற்று நீரில் கிருமி நிறைய இருக்கும். அங்கேதான் அதை அறுக்க வேண்டும், பட்டியில் அல்ல. கிளமிடியா, க்யூ காய்ச்சல், டாக்ஸோபிளாஸ்மா இவையும் கடைசிக் கட்டத்தில்தான் வீச வைக்கும், எனவே அவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கரிசல்பட்டி

புரட்டாசி ஆட்டோட கொடியை நாய் இழுத்துட்டுப் போச்சு. ரெண்டு குட்டியை ஓடைப்பக்கம் வீசினோம். இப்ப கொட்டகையை எதைப் போட்டுக் கழுவறது? மேய்க்கிறவருக்கு மூணு வாரமா சாயங்காலம் ஆனா காய்ச்சல், இடுப்பு வலி. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

மேய்ச்சல்_மருத்துவர்

இருக்கலாம். கொட்டகையை விட அவர்தான் முதல் வேலை. விட்டு விட்டு வரும் காய்ச்சல், ராத்திரி வேர்வை, மூட்டு, இடுப்பு வலி, ஆண்களுக்கு விதை வீக்கம். டைபாய்டு என்றும் காசநோய் என்றும் தவறிப்போகிற நோய் இது. டாக்டரிடம் அவர் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம்: 'ஆட்டுப் பட்டியில வேலை, ஆடு குட்டி வீசுது, புருசெல்லா பாசிட்டிவ் வந்திருக்கு.' ரத்தக் கல்ச்சர் எடுத்தால் ஆய்வகத்துக்கும் இதைச் சொல்ல வேண்டும். அங்கே வேலை செய்பவர்களுக்கே தொற்றக்கூடிய கிருமி. சிகிச்சை இரண்டு மருந்து சேர்த்து, வழக்கமாக 6 வாரம். காய்ச்சல் நின்றதும் பத்தாம் நாளில் மாத்திரையை விட்டால் திரும்ப வரும்.

வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் ஈனும் ஆட்டின் பக்கமே வேண்டாம். குழந்தைக்கு நல்லது என்று ஆட்டுப் பாலைக் காய்ச்சாமல் புகட்டும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது, அதை இன்றோடு நிறுத்துங்கள். பொங்கி வரும்வரை காய்ச்சினால் கிருமி சாகும். 1905-ல் மால்டாவில் தெமிஸ்டோக்ளீஸ் ஸாம்மிட் கண்டுபிடித்ததே இதுதான்: பார்வைக்கு நல்லா இருந்த வெள்ளாடுகளின் பாலில்தான் காய்ச்சல் பரவியது. உங்கள் ஆடுகளும் 'தீனி நல்லா எடுக்குது.'

சுண்ணாம்பு_வாளி

கழுவுறதுக்கு முன்னாடி சுரண்டுங்க. சாணியும் புழுக்கையும் கிடக்கிற தரையில பிளீச்சிங் பவுடரைக் கொட்டினா குளோரின் அந்தச் சாணியிலேயே செத்துடும். முதல்ல குப்பை முழுசையும் லேசா தண்ணி தெளிச்சு வாருங்க. காய்ஞ்ச தூசியைக் கூட்டினா மூச்சு வழியா உள்ள போகும். ரப்பர் பூட்ஸ், நீளக் கையுறை, மாஸ்க் கட்டாயம். கண்ணுக்கும் கண்ணாடி.

அப்புறம் 10 லிட்டர் தண்ணியில 200 கிராம் காஸ்டிக் சோடா. தண்ணியில சோடாவைப் போடணும், சோடா மேல தண்ணியை ஊத்தினா தெறிச்சு முகத்துல அடிக்கும். தரை, சுவர்ல மூணடி உயரம் வரைக்கும் ஊத்தி ஒரு மணி நேரம் விட்டுக் கழுவுங்க. அலுமினியத் தொட்டியில படக்கூடாது, அரிச்சுடும். காய்ஞ்ச பிறகு புதுச் சுண்ணாம்பு 1 கிலோவை 5 லிட்டர் தண்ணியில நீத்து அடிச்சு விடுங்க. ஃபினாயிலையும் பிளீச்சிங்கையும் கலந்து ஊத்துற வேலை மட்டும் வேண்டாம்.

குட்டியும் கொடியும் இனிமே ஆறடிக் குழி. அடியில சுண்ணாம்பு, மேல சுண்ணாம்பு, மண்ணு, அதுக்கு மேல முள். முள் போடலைன்னா அதே நாய் ராத்திரி தோண்டும். கிணறு, ஓடைப் பக்கம் குழி வேண்டாம். வெயில் படுற இடத்துல இந்தக் கிருமி சீக்கிரம் சாகும், நிழலும் ஈரமும் இருந்தா மாசக் கணக்கா நிக்கும். அதனால ஓடைப்பக்கம் இந்த வருஷம் மேய்ச்சல் வேண்டாம்.

கரிசல்பட்டி

புரிஞ்சது. தடுப்பூசி கிடைக்குமா? பாசிட்டிவ் ஆடுகளைச் சந்தைக்கு அனுப்பிடலாமா?

மேய்ச்சல்_மருத்துவர்

சந்தைக்குக் கூடாது. 2009-ம் ஆண்டு விலங்கு நோய்த் தடுப்புச் சட்டப்படியும் தவறு, அதைவிட, உங்களுக்கு ஆவணியில் நடந்தது இன்னொருவருக்கு நடக்கும். கால்நடை மருந்தகத்தில் எழுத்தில் தெரிவியுங்கள். வெட்டுவதானால் அவர்கள் சொல்படி நேரே வெட்டும் இடத்துக்கு. வீசி ஒரு மாதமாவது ஆகியிருக்கட்டும், வெட்டுபவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கர்ப்பப்பை, மடி, மண்ணீரல் குழிக்குப் போகட்டும். நன்றாக வெந்த கறியில் ஆபத்து இல்லை, ஆபத்து வெட்டுகிறவர் கைக்குத்தான்.

தடுப்பூசி: ஆட்டுக்கானது ரெவ்-1, 3 முதல் 6 மாதக் குட்டிக்குக் கண்ணில் சொட்டு. சினை ஆட்டுக்குப் போட்டால் அதுவே வீச வைக்கும். 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் 4 முதல் 8 மாத மாட்டு, எருமைக் கிடேரிக் கன்றுகளுக்குப் போடுவது எஸ்-19. கன்றுக்கு வந்த குப்பியில் மிச்சம் இருக்கிறதென்று யாராவது ஆட்டுக்குப் போட வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

அந்தத் திட்டத்தில் ஆட்டுக்கு ஊசி இல்லை, ஆகவே உங்களுக்குள்ள வழி டெஸ்ட்டும் கழிப்பும்தான். 30 முதல் 60 நாளுக்கு ஒருமுறை எல்லாவற்றுக்கும் ரத்தம். பாசிட்டிவ் வந்ததை விலக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை முழு மந்தையும் நெகட்டிவ் வந்த பிறகு ஆறு மாதத்தில் இன்னொன்று. பாசிட்டிவ் தாயின் பெட்டைக் குட்டியை வளர்ப்புக்கு வைக்காதீர்கள். டெஸ்ட்டில் நெகட்டிவாகவே வளர்ந்து, முதல் ஈற்றில் வீசும்போதுதான் சில காட்டிக்கொடுக்கும்.

சீரம்_மேசை

ஆட்டுக்கு மில்க் ரிங் டெஸ்ட் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம், அது மாட்டுப் பாலுக்கானது. அடுத்த முறை வாங்கும்போது சினை இல்லாத ஆடாக வாங்கி, 30 நாள் தனியாக வைத்து, முதலிலும் முடிவிலும் ரத்தம் பாருங்கள். சினையாட்டை வாங்கியே ஆக வேண்டுமானால் ஈன்று மூன்று வாரம் கழித்து எடுக்கும் ரத்தம் நெகட்டிவ் வரும்வரை பட்டியில் சேர்க்காதீர்கள்.