உசிலம்பட்டியில் குடியேறப் போகிறோம்: வீடு பேசி முடிக்கும் முன் எதையெல்லாம் பார்க்கணும்?

கேட்டவர்: உசிலை_புதுவரவு

வணக்கம். அம்மா அப்பாவோட சென்னையிலிருந்து உசிலம்பட்டிக்கு வர்றோம். எனக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற கம்ப்யூட்டர் வேலை. அப்பாவுக்கு சுகர், பிரஷர். ரெண்டு வீடு அமைஞ்சிருக்கு. ஒண்ணு தேனி ரோட்டுக்குப் பக்கத்துல மாடி போர்ஷன், மாத வாடகை. இன்னொண்ணு உள்ளே தள்ளி தனி வீடு, போர் இருக்கு, ஒத்திக்குத் தர்றாங்க. தண்ணி, கரண்ட், ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் எப்படி? "நல்ல ஊருதான், தைரியமா வாங்க"ங்கிற பதிலை ஏற்கெனவே நிறைய பேர் சொல்லிட்டாங்க. விவரமாச் சொன்னா உதவியா இருக்கும்.

பதில்: குழாயடி

முதல்ல தண்ணி. மத்ததெல்லாம் அதுக்கப்புறம்.

இங்கே ரெண்டு தண்ணி இருக்கு. வைகையிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்துல வர்ற நல்ல தண்ணி ஒண்ணு, போர்ல வர்ற உப்புத் தண்ணி ஒண்ணு. குடிக்க, சமைக்க முதலாவது. குளிக்க, துவைக்க ரெண்டாவது. ஓனர் "தண்ணிக்குப் பஞ்சமே இல்ல"ன்னு சொன்னா அவர் போரைச் சொல்றார். குழாய்த் தண்ணி எத்தனை நாளைக்கு ஒருதடவை வருது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்னு எதிர்வீட்டு அம்மாகிட்ட கேளுங்க. தெருவுக்குத் தெரு மாறும். மேட்டுத் தெருவுக்கும் கடைசி வீட்டுக்கும் வேகம் குறைவு.

கணக்கு இப்படிப் போடுங்க. குடிக்க, சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு குடம். மூணு பேருக்கு 45 லிட்டர். ஆறு நாளைக்கு ஒருமுறை தண்ணி வந்தா 270 லிட்டர் பிடிச்சு வைக்கணும். வைகை அணையில தண்ணி இறங்குற கோடையில இந்த இடைவெளி ரெட்டிப்பானா 540. அதனால 500 லிட்டர் டிரம் போதாது, 750 வாங்குங்க. மாடி போர்ஷன்னா அதை எங்கே வைப்பீங்க, கீழேயிருந்து யார் தூக்குவாங்கன்னு இப்பவே பேசிக்கணும். வயசானவங்க இருக்கிற வீட்ல இதுதான் தினசரி சண்டை.

குழாய் தரைக்கு மேலே இருக்கா, குழிக்குள்ளே இருக்கான்னு பாருங்க. அழுத்தம் குறைவான இடத்துல குழி தோண்டி, ரெண்டு மூணு அடி ஆழத்துல குழாயைத் திறந்து வச்சிருப்பாங்க. சப்ளை நின்னதும் பைப்புக்குள்ளே உறிஞ்சல் உண்டாகும். குழியில சாக்கடைத் தண்ணி தேங்கியிருந்தா அதையும் உள்ளே இழுத்துக்கும், அடுத்த சப்ளையில முதல் குடத்துலயே அது வந்துடும். குழிக்குச் சுத்திலும் அரையடி உயரத்துக்குச் செங்கல் கட்டு, மேலே மூடி, குழாய்க்கு அடைப்பு மூணும் வேணும். திறந்ததும் முதல் அஞ்சு நிமிஷத் தண்ணியை விட்டுட்டுப் பிடிங்க. குழாய்ல நேரா மோட்டாரை மாட்டி உறிஞ்சுறது சட்டவிரோதம், நகராட்சி பறிமுதல் பண்ணும். பக்கத்து வீடு மாட்டியிருந்தா உங்களுக்குச் சொட்டுதான் வரும்.

தொட்டித் தண்ணிக்குப் பிளீச்சிங் பவுடர் 1000 லிட்டருக்கு 3-லிருந்து 4 கிராம். ஒரு மக்குல கரைச்சு, சுண்ணாம்பு அடியில தங்கவிட்டு, தெளிஞ்சதை மட்டும் ஊத்தணும். அரை மணி நேரம் கழிச்சுப் பயன்படுத்தலாம். திறந்து வச்ச பழைய பவுடர்ல வீரியம் போயிருக்கும், சின்ன பாக்கெட்டா வாங்குங்க. தொட்டி மூடி இறுக்கமா இல்லேன்னா டெங்குக் கொசு அங்கேதான் முட்டை போடும்.

பதில்: தேனிரோடு_வயர்மேன்

கரண்ட் பத்தி. வீடு பார்க்க ராத்திரி எட்டு மணிக்குப் போங்க. பகல்ல எல்லா வீட்லயும் வோல்டேஜ் நல்லாத்தான் இருக்கும். மல்டிமீட்டர்ல 216 வோல்ட்டுக்குக் கீழே காட்டினா வரம்புக்குக் கீழே. 190-க்குப் போச்சுன்னா ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் கிளம்பத் திணறும். போர் மோட்டார் உறுமும், தண்ணி ஏறாது. அந்த நிலையில விடாம ஓட்டினா கரண்ட் அதிகமா இழுத்து காயில் கருகிடும். ஸ்டெபிலைசர் ஃபிரிட்ஜைக் காப்பாத்தும், மோட்டாரைக் காப்பாத்தாது. மூணு ஃபேஸ்ல ஒண்ணுல மட்டும் சுமை ஏறியிருக்கலாம், மின்வாரிய செக்ஷன் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்தா இணைப்பை வேற ஃபேஸுக்கு மாத்துவாங்க. மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்கும் சொல்லலாம், இணைப்பு எண்ணைக் கையில வச்சுக்குங்க.

திடீர்னு ஒரு ரூம்ல பல்பு பளீர்னு எரிஞ்சு இன்னொரு ரூம்ல மங்கினா நியூட்ரல் வயர் இணைப்பு விட்டுருச்சுன்னு வச்சுக்குங்க. யோசிக்காம மெயினை அணைக்கணும்.

மாதாந்திரப் பராமரிப்பு நாள்ல காலையில போன கரண்ட் மதியத்துக்கு மேலேதான் வரும். தேதி முன்கூட்டியே பேப்பர்ல வந்துடும். 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரியில கைக்கு வர்றது சுமாரா 1100 வாட்-மணி. ரெண்டு சாதா ஃபேன் 150 வாட், நாலு எல்.இ.டி. 40 வாட்டுன்னா ஆறு மணி நேரம் தாங்கும். ஃபேனை கரண்ட் கம்மியா இழுக்கிற பி.எல்.டி.சி.-யா மாத்தினா பத்து மணி நேரம் வரை இழுக்கும்.

நெட் பத்தி ஒண்ணு. உங்க வீட்ல இன்வெர்ட்டர் இருந்தா மட்டும் போதாது. ஃபைபர் கொடுக்கிற கேபிள்காரர் பெட்டிக்கும் பேட்டரி இருக்கணும். இல்லேன்னா உங்க ரவுட்டர்ல லைட் எரியும், நெட் இருக்காது. இணைப்பு வாங்குறதுக்கு முன்னாடி, பராமரிப்பு நாளன்னிக்கு அவரோட பழைய கஸ்டமர் வீட்ல நெட் ஓடுதான்னு போய்ப் பாருங்க.

பதில்: மானாவாரி

குழாயடி சொன்னது சரி, ஆனா போர்த் தண்ணியை அப்படியே குளிக்க, துவைக்கன்னு ஒதுக்கிட முடியாது. தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கிற டி.டி.எஸ். பேனா நானூறு ஐநூறு ரூபாய்க்குள்ளே கிடைக்கும். 500 வரை நல்லது, 2000 தாண்டினா குளிக்கவே யோசிக்கணும். பேனா இல்லாட்டியும் தெரிஞ்சுக்கலாம்: சோப்பு நுரைக்காது, துவரம்பருப்பு எவ்வளவு விசில் விட்டாலும் மலராது, ஹீட்டர் காயில்ல வெள்ளைக் காரை கட்டும்.

போர்த் தண்ணியைத்தான் குடிக்கணும்னா ஃபுளோரைடு சோதிக்காமக் குடிக்காதீங்க. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டக் கூடாது. டி.டி.எஸ். பேனா இதைக் காட்டாது. கொதிக்க வச்சா போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் அடர்த்தியாகும். மதுரையில குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகம் இருக்கு, ரெண்டு லிட்டர் சுத்தமான கேன்ல கொண்டுபோங்க.

எல்லாரும் ஆர்.ஓ. மெஷின் வாங்கச் சொல்வாங்க. குழாய்த் தண்ணிக்கு அது வெட்டிச் செலவுன்னுதான் சொல்வேன், காய்ச்சி வடிகட்டினாப் போதும். உப்புத் தண்ணியில போட்டா ஒரு லிட்டருக்கு ரெண்டு மூணு லிட்டர் கழிவாப் போகும், மெம்பரேனும் சீக்கிரம் அடைக்கும். கழிவுத் தண்ணி தரை துடைக்க, கக்கூஸுக்கு ஆகும். செடிக்கு ஊத்தாதீங்க, மண்ணு உப்பாகிடும்.

உள்ளே தள்ளி இருக்கிற வீடுன்னா செப்டிக் டேங்க் எங்கே இருக்குன்னு கேளுங்க. போருக்கும் அதுக்கும் 50 அடியாவது வேணும். அடித்தளம் போடாம வெறும் உறை இறக்கியிருந்தா கழிவு நேரா மண்ணுக்குள்ளே போகும். நிரம்பினா லாரி வச்சுத்தான் உறிஞ்சணும். ஆளை உள்ளே இறக்குறது கையால் மலம் அள்ளுறதைத் தடுக்கிற 2013 சட்டப்படி குற்றம், விஷவாயுவுல உயிர் போகும்.

பதில்: செக்கானூரணி_விலக்கு

ஒத்தி வீடு: பதிவு பண்ணாத ஒத்திப் பத்திரத்துக்குப் பணம் கொடுக்காதீங்க. நூறு ரூபாய்க்கு மேல எந்த அடமானமும் பதிவாகணும். வெறும் முத்திரைத்தாள்ல எழுதிக் கையெழுத்து வாங்கினா நாளைக்குத் தகராறுல நிக்காது. பதிவுத்துறை தளத்துல 30 வருஷத்துக்கு வில்லங்கம் பாருங்க. மூலப்பத்திரத்தை நேர்ல காட்டச் சொல்லுங்க. ஜெராக்ஸ் மட்டும் நீட்டினா ஒரிஜினல் எங்கேயோ அடகுல இருக்குன்னு வச்சுக்குங்க. வாடகை வீட்டுக்கு தமிழ்நாட்டோட 2017 வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்துல வேற மாதிரி ஒத்துக்கலேன்னா, அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல கேட்கக் கூடாது. கேட்பாங்க, பேசிக் குறைக்கலாம்.

பஸ்: மதுரை ஆரப்பாளையத்துல தேனி பஸ் எதுல ஏறினாலும் செக்கானூரணி வழியா உசிலை வந்துடும், 40 கிலோமீட்டருக்குள்ளே. மாட்டுத்தாவணிக்குப் போய் நிக்காதீங்க. ரயில் 2010 கடைசியில மீட்டர் கேஜை எடுத்தப்ப நின்னது, 2022-ல தேனி வரைக்கும் 2023-ல போடி வரைக்கும் மறுபடி வந்துருச்சு. வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துப் போகணும். மாசியில சிவராத்திரி வாரத்துல மட்டும் வீடு மாத்தாதீங்க. பாப்பாபட்டி, கருமாத்தூர்னு குலதெய்வம் கும்பிட வர்ற கூட்டத்துல லாரி நகராது.

ஆஸ்பத்திரி: சுகர், பிரஷர் மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல பதிஞ்சுக்குங்க, மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே கொண்டுவந்து தருவாங்க. அப்பாவுக்கு நெஞ்சுவலின்னா வாடகைக் கார்ல நேரா மதுரைக்கு ஓட வேணாம். உசிலை அரசு ஆஸ்பத்திரியில ஈ.சி.ஜி. எடுத்து முதல் மருந்து கொடுத்து 108-ல மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புறதுதான் பாதுகாப்பு. பாம்புக்கடிக்கும் முதல்ல அங்கேதான். கட்டு இறுக்கிப் போடுறது, கீறுறது எதுவும் வேணாம்.

கேட்டவர்: உசிலை_புதுவரவு

எல்லாருக்கும் நன்றிங்க. மாடி வீட்டுக்குத் தனி மீட்டர் கிடையாதாம். கீழ்வீட்டு மீட்டரே, சப்மீட்டர் வச்சு யூனிட் கணக்குல வாங்கிக்கிறாங்களாம். பரவாயில்லையா?

பதில்: தேனிரோடு_வயர்மேன்

அதுல உங்களுக்குத்தான் நஷ்டம். இலவச 100 யூனிட் ஒரு இணைப்புக்கு ஒண்ணுதான், அது ஓனருக்குப் போயிடும். ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டினா, தாண்டின யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது. 101-லிருந்து 200 வரைக்குமான மலிவு விலையும் போயிடும். அவங்க 300, நீங்க 300-ன்னு தனித்தனியாப் பார்த்தா சாதாரண செலவு, ஒரே மீட்டர்ல 600. ராத்திரி எட்டு மணி நேரம் ஒன்றரை டன் ஏசி ஓடினா அதுவே ரெண்டு மாசத்துக்கு 360-லிருந்து 480 யூனிட் சாப்பிடும்.

தனி இணைப்பு வாங்கித் தரச் சொல்லுங்க, செலவைப் பாதிப் பாதி பிரிச்சுக்கலாம். அதுக்கு ஒத்துக்கலேன்னா யூனிட்டுக்கு இவ்வளவுன்னு பேசாதீங்க. மின்வாரிய பில்லைக் காட்டி, மொத்தத் தொகையை யூனிட் விகிதத்துல பிரிக்கணும்னு ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க. குடிபோற அன்னிக்கு ரெண்டு மீட்டரையும் ரீடிங் தெரியிற மாதிரி போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க.